பதினோரு கரித்துண்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கதவு தட்டப்பட்டபோது, மருந்துக்கடைக்காரர் அமுண்ட் தன் மச்சான் ஹல்வார்ட் ஸ்காரின் சமையலறையில் உட்கார்ந்து இரண்டாவது கோப்பைக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். காபி என்று மரியாதைக்குச் சொல்வதுதான். போர் தொடங்கி மூன்றாவது குளிர்காலம் அது. கோப்பையில் இருந்தது முக்கால்வாசியும் வறுத்த பார்லி. அமுண்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மனைவி இறந்த நான்கு வருடங்களில் அவர் ஒரு நாள்கூடத் தன் வீட்டில் காலைக் காபி குடித்ததில்லை. அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவார். ஸ்காரும் ஒண்டிக்கட்டை. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் அது தனிமையில்லை என்று இருவருமே பாசாங்கு செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்கார் முப்பத்தொரு வருடம் நார்வேயின் தலைநகரான கிறிஸ்டியானியாவின் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஓய்வுக்குப் பிறகும் ஊரில் ஏதாவது புரியாமல் போனால் ஆட்கள் அவரைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அன்று வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் அமுண்டுக்குப் புரையேறிவிட்டது. ஒரு வாரமாக எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த முகம்தான்.

"நான் எகார்ட் ப்ரெமர்" என்றார் வந்தவர். நார்வே மொழியைச் சுத்தமாகப் பேசினார். "படியில வர்றப்பவே உங்க அண்டை வீட்டம்மா கதவைச் சாத்திக்கிட்டாங்க. நீங்களும் சாத்தறதா இருந்தா நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"உள்ள வாங்க. குளிர் வருது" என்றார் ஸ்கார்.

ப்ரெமர் தன் நாட்டுத் தூதரகத்தில் வர்த்தகச் செயலாளர். அவர் நாடு போரில் இருந்தது. நார்வே எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றது. மூன்று வாரத்துக்கு முன் 'யோர்டிஸ்' என்ற நார்வேக் கப்பல் கருவாடு ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போகும் வழியில் வெடித்து மூழ்கியது. ஆறு பேர் செத்தார்கள். போன வாரம் ப்ரெமர் வீட்டு நிலவறையில் கரித்தொட்டியின் அடியிலிருந்து போலீஸார் பதினோரு துண்டுகளை எடுத்தார்கள். பார்வைக்கு நிலக்கரி. உள்ளே வெடிமருந்து. கப்பலின் உலைக்குள் இப்படி ஒன்று போனால் போதும்.

"நாளைக்கு ரெண்டு மணி ரயில்ல என்னை நாட்டை விட்டு அனுப்பறாங்க" என்றார் ப்ரெமர். "அதைப் பத்திப் பேச நான் வரலை."

"பின்னே?" என்றார் அமுண்ட், கொஞ்சம் வெடுக்கென்று.

"செவெரினா. பதினோரு வருஷமா என் வீட்டைப் பார்த்துக்கறாங்க. என் மேல யாரும் கை வைக்க முடியாது, நான் தூதரகத்து ஆள். ஆனா அவங்க இந்த ஊர்க்காரங்க. நிலவறைச் சாவி அவங்ககிட்டதான் இருந்துச்சு. புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. பத்து வருஷம் போடுவாங்கன்னு வக்கீல் சொல்றார். அவங்களுக்கு ஐம்பத்தாறு வயசு." அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். "டிராமில நான் உட்கார்ந்தா, முழு பெஞ்சும் எந்திரிச்சுடுது. பார்பர் எனக்குச் சவரம் பண்ண மாட்டேங்கறார். இந்த ஊர்ல என்கிட்ட கடைசியா அன்பாப் பேசினது அவங்கதான். 'காலுறை ஈரம், மாத்துங்க'ன்னு சொன்னாங்க. அப்ப போலீஸ் வந்துச்சு."

அமுண்டுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. இளகியதில் அவருக்கே எரிச்சல்.

"சாட்சி யாரு?" என்று கேட்டார் ஸ்கார்.

"விக். கரி வியாபாரி. ஜனவரி இருபதாம் தேதி தெருவில பனிச்சறுக்கு வண்டியில போறப்ப, நானும் செவெரினாவும் ஒரு பெட்டியை நிலவறைக்குள்ள தூக்கிட்டுப் போனதைப் பார்த்தாராம்."

"தூக்கிட்டுப் போனீங்களா?"

"இல்லை."

ஸ்கார் கோப்பையை மேஜையில் வைத்தார். பிறகு மேல்கோட்டை எடுத்தார்.

மதியம் மூவரும் ப்ரெமர் வீட்டுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் லுண்டே ஸ்காருக்குப் பழைய பழக்கம். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே விட்டார். சாப்பாட்டு மேஜை மேல் செய்தித்தாள் விரித்து, வெடிமருந்து நீக்கப்பட்ட அந்தப் பதினோரு துண்டுகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்கார் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எடுத்து எடை பார்த்தார், திருப்பினார், நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது.

"சுண்ணாம்பு" என்றார் லுண்டே. "தொட்டி பூரா வெள்ளையடிச்சிருக்கு. அதுல என்ன இருக்கு?"

"பதினொண்ணுலயும் இருக்கே."

"பதினொண்ணும் அடியிலதான் கிடந்துச்சு. பெட்டியோட கொண்டுவந்து, கரியைத் தோண்டி, அடியில புதைச்சிருக்காங்க."

ஸ்கார் நிலவறைக்கு இறங்கினார். தொட்டியின் தரையை விரலால் அழுத்தித் தேய்த்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை. இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துவிட்டு மேலே வந்தார். அமுண்ட் தன் பங்குக்குத் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடியதில் கிடைத்தது மூக்கில் கரி மட்டும்தான்.

அந்த நேரத்தில் சாட்சியத்தைச் சம்பவ இடத்தில் வைத்து ஒருமுறை சரிபார்க்க விக்கை அழைத்து வந்தார்கள். நல்ல உடம்பு, கலகலப்பான மனிதர். ஊரில் பாதி அடுப்புகளுக்கும் துறைமுகத்தில் பாதிக் கப்பல்களுக்கும் அவர் கரிதான். அமுண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, அமுண்ட்! போன தடவைக்கு நன்றி!"

"போன தடவைக்கு நன்றி" என்றார் அமுண்டும். போன மாதம் வணிகர் சங்க விருந்தில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சூடான பஞ்ச் மது குடித்திருந்தார்கள். விக் அடுத்து ஸ்காரின் பக்கம் திரும்பி, "நாம இதுவரைக்கும் பேசினதில்லைன்னு நினைக்கிறேன். விக்" என்று கை நீட்டினார். ப்ரெமர் இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை.

வாசல் மணி அடித்தது. ப்ரெமரின் தாள்களைப் பொறுப்பேற்றுக்கொள்ளத் தூதரகத்திலிருந்து கெஸெல் வந்திருந்தார். இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கஞ்சி போட்ட காலர், கஞ்சி போட்ட முகம். கூடத்தில் எதிர்ப்பட்ட விக் தொப்பியைத் தூக்கி, "போன தடவைக்கு நன்றி" என்று ஒதுங்கி வழிவிட்டார்.

"கெஸெல். தூதரகம்" என்றார் வந்தவர், விறைப்பாக.

"விக். கரி வியாபாரம்" என்றார் விக் சட்டென்று. "சந்திச்சதுல சந்தோஷம்."

கெஸெல் ப்ரெமருக்குத் தலையை அரை அங்குலம் அசைத்துவிட்டு, தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதினோரு வருடம் அதே தூதரகத்தில் வேலை பார்த்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ப்ரெமர் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலில் இருந்த செவெரினாவைப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். எலும்பும் தோலுமான பெண்மணி. மரப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சிறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"அதை நான் கேக்கலை" என்றார் ஸ்கார். "அம்மா, கரித்தொட்டிக்கு எப்ப வெள்ளையடிச்சீங்க?"

செவெரினாவுக்கு உயிர் வந்துவிட்டது. "கிறிஸ்மஸ் சுத்தம் பண்றப்ப. டிசம்பர் பன்னெண்டு, புதன்கிழமை... இல்ல, பதிமூணு. அதை ஏன் கேக்கறீங்க! தொட்டியைத் தரை வரைக்கும் காலி பண்ணி, கழுவி, என் கையால வெள்ளையடிச்சேன். வெள்ளிக்கிழமை கரி கொண்டுவாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். அந்த விக் வியாழக்கிழமை காலையிலயே வண்டியோட வந்து நிக்கறார்! வண்டிக்காரனுக்கு உடம்பு சரியில்லையாம், முதலாளியே வந்துட்டாராம். சுண்ணாம்பு காயலைய்யா, கால் வெச்சா ஒட்டுதுய்யான்னு கத்தறேன். 'அட விடுங்கம்மா, கரியை யார் பாக்கப் போறா'ன்னு சொல்லி, முதல் ரெண்டு மூட்டையை அவரே கொண்டு போய்த் தானே கொட்டினார். என் ரெண்டு நாள் வேலை போச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லாம? அன்னிக்கே அவர் கடைக்குக் கடுதாசி எழுதிப் போட்டேன். பதிலே வரலை."

வெளியே வந்ததும் ஸ்கார் நின்றார். "மாப்ளே, உனக்கு ஒரு வேலை இருக்கு."

அமுண்டுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. விக் போலீஸாருடன் இருக்கும்போதே அவர் கடைக்குப் போனார். அங்கே கணக்கு எழுதும் அம்மாளுக்கு அவர்தான் இருமல் மருந்து தருகிறவர். கால் மணி நேரம் வாயடித்து, புகார்க் கடிதங்கள் போட்டு வைக்கும் டப்பாவைத் திறக்க வைத்து, உள்ளேயே கையை விட்டார். செவெரினாவின் கடிதம் அடியில் இருந்தது: வியாழன் டிசம்பர் பதினான்கு, ஈரச் சுண்ணாம்பு, பாழான தொட்டி, 'முதலாளியே வந்து செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது' என்ற கடைசி வரி வரைக்கும். அவர் ஓட்டமாகத் திரும்பி வந்தார். தன் வயதில் யாரும் அப்படிப் பனியில் ஓடக் கூடாது என்று ஸ்கார் சொன்னார். சொன்னாலும் அவர் முகத்தில் இருந்தது சிரிப்புதான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் ப்ரெமர் வீட்டு முன்னறையில் கூடினார்கள். அறை பாதி காலியாகிவிட்டிருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் வெளிறிய சதுரங்கள் தெரிந்தன. லுண்டே, விக், இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று வரவழைக்கப்பட்ட கெஸெல், மூலையில் ப்ரெமர். செவெரினாவை ஒரு காவலருடன் கொண்டுவந்து கதவருகே உட்கார வைத்திருந்தார்கள்.

"சின்ன விஷயம்தான்" என்று ஆரம்பித்தார் ஸ்கார். "விக் சொல்றபடி, அந்தப் பெட்டி ஜனவரி இருபதாம் தேதி வந்துச்சு. அப்ப தொட்டியில வெள்ளையடிச்சு அஞ்சு வாரம் ஆயிடுச்சு. காஞ்ச சுண்ணாம்பு எதிலயும் ஒட்டாது. நேத்து என் விரலை வெச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், ஒட்டலை. ஆனா இந்தப் பதினோரு துண்டுலயும் சுண்ணாம்பு திப்பித் திப்பியா அப்பியிருக்கு. ஈரத்துல விழுந்தா மட்டும்தான் அப்படி அப்பும். அந்தத் தரை ஈரமா இருந்த ஒரே நாள்ல தொட்டிக்குள்ள போனது ஒண்ணே ஒண்ணுதான்." அவர் கடிதத்தை லுண்டேயிடம் நீட்டினார். "விக் கொட்டின கரி. முதல் மூட்டை."

விக் சிரித்தார். "நல்லாருக்கே! கரி எங்கயோ சுரங்கத்துலேர்ந்து வருது. உள்ள எவன் எதைப் போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னா, ஜனவரியில பெட்டியைப் பார்த்ததா ஏன் பொய் சொன்னீங்க?"

விக்கின் சிரிப்பு நின்றது.

"உங்க கரிதான் 'யோர்டிஸ்' கப்பலுக்கும் போச்சு" என்றார் ஸ்கார், குரல் உயராமல். "ஆனா துண்டுகளைச் செஞ்சது நீங்க இல்லை. கொடுத்த ஆள் ஒருத்தர் இருக்கணும். யாருன்னு நீங்களே நேத்து எனக்குச் சொல்லிட்டீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை!"

"அமுண்டைப் பார்த்ததும் 'போன தடவைக்கு நன்றி'ன்னீங்க. சங்கத்துல ஒண்ணா உட்கார்ந்து குடிச்சீங்க, சரி. என்னைப் பார்த்துச் சொல்லலை. ஏன்னா நாம இதுக்கு முன்னாடி சந்திச்சதில்லை. இந்த ஊர்ல எந்த மனுஷனும் முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட அதைச் சொல்ல மாட்டான். ஒரே மேஜையில உட்கார்ந்து உண்டு குடிச்சவனை மறுபடி பார்த்தா, நாம நினைக்கறதுக்கு முன்னாடியே அது வாயில வந்துடும். நம்ம அம்மாமார் அடிச்சு வளர்த்த லட்சணம் அது." அவர் கெஸெலின் பக்கம் திரும்பினார். "கூடத்துல உங்களைப் பார்த்ததும் விக் அதையே சொன்னார். நீங்க ஊருக்குப் புதுசு. அந்த வார்த்தைக்கு என்ன கனம்னு உங்களுக்குத் தெரியலை. முன்னாடியே பேசி வெச்சபடி அந்நியர் மாதிரி பேரைச் சொன்னீங்க. அவருக்கும் அப்பதான் சுருக்குன்னுச்சு, தானும் பேரைச் சொன்னார்."

அமுண்ட் தன் நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்கிற வார்த்தை; காது அதைப் பொருட்படுத்தவே இல்லை.

கெஸெல் எழுந்தார். "எனக்குத் தூதரகப் பாதுகாப்பு இருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை." கதவைச் சாத்தாமல் போனார். அவரை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது.

விக்கின் கலகலப்பு மொத்தமும் அவரோடு போய்விட்டது. "ஓட்டல்ல ரெண்டு தடவை சாப்பாடு போட்டார்" என்றார் தரையைப் பார்த்து. "ஏதாவது வெளியே வந்தா பழி போடறதுக்கு ஒரு வீடு முன்னாடியே தயாரா இருக்கணும்னார். தூதரகத்துல ப்ரெமர் அவங்களுக்கு ஆகாதாம். நம்ம நாட்டு மேல அவருக்கு இரக்கம் ஜாஸ்தியாம்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆனா துண்டுகளை என் கையில கொடுத்தது இந்தம்மாதான்! கெஸெல் இவங்க மூலமா அனுப்பினார்!"

"அடப் பாவி!" என்றார் செவெரினா.

லுண்டே கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஸ்கார், இவன் பொய் சொல்றான்னு எனக்கும் தெரியுது. ஆனா கோர்ட்ல இப்படிச் சொன்னா நான் அந்தம்மாவை விட முடியாது. கெஸெல்கிட்ட அது எப்படி வந்துச்சு, யார் கொடுத்தான்னு தெரியணும்."

ஸ்கார் அறையின் மூலைக்கு நடந்தார். அங்கே தூதரக முத்திரை போடும் பெரிய தோல்பை, காலியாக, ப்ரெமரின் பெட்டிகளோடு கிடந்தது. அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ப்ரெமர், ஜனவரியில பெட்டி தூக்கினீங்களான்னு கேட்டப்ப 'இல்லை'ன்னீங்க. அது உண்மை. நவம்பர்ல என்ன தூக்கினீங்கன்னு நான் கேக்கலை. டிசம்பர்ல தொட்டிக்குள்ள விழுந்தது அதுக்கு முந்தின மாசமே ஊருக்குள்ள வந்திருக்கணும். எல்லையைத் தாண்டி, சுங்கத்துல திறக்க முடியாத பை ஒண்ணுதான் வரும். நவம்பர்ல அதைக் கொண்டுவந்தது யாரு?"

ப்ரெமர் அந்தப் பையைப் பார்த்தார். "நான்தான்" என்றார். "கெஸெல் கேட்டார். முத்திரை போட்டிருந்துச்சு. நான் திறக்கலை. அவர் கையிலதான் கொடுத்தேன்."

"கனமா இருந்துச்சா?"

"தாள் அவ்வளவு கனம் இருக்காது." என்றார் ப்ரெமர். "தெரிஞ்சுது. கேக்கலை."

"இந்தத் தொட்டி இன்னும் ஆறு வாரத்துல காலியாயிருக்கும். அடியில இருந்ததை இந்தம்மா கையால எடுத்து அடுப்புல போட்டிருப்பாங்க. இவங்களே அதைக் கொடுத்திருந்தா அந்தத் தொட்டிக் கரியை வெச்சு அடுப்பு எரிப்பாங்களா? கெஸெல் அதைப் பத்திக் கவலைப்படலை."

ப்ரெமர் செவெரினாவைப் பார்த்தார். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதித் தர்றேன்" என்றார் ப்ரெமர். லுண்டே தாள் கொடுத்தார். தன் நாட்டுக்கு எதிராக அப்படியொரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே திரும்பிப் போகிற மனிதனுக்கு என்ன காத்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் நிறுத்தாமல் எழுதினார். பதினோரு மணிக்கு செவெரினாவை விடுவித்தார்கள். விக்கைக் கூட்டிப்போனார்கள். நாடு கடத்தும் உத்தரவு அப்படியே இருந்தது. இப்போது அது பொய்யும் இல்லை.

இரண்டு மணி ரயிலுக்கு ஸ்கார் வரவில்லை. "நான் பொட்டியைத்தான் திறப்பேன் மாப்ளே, மூடத் தெரியாது" என்றார். அமுண்ட் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை. ரயில் மேடையில் ப்ரெமரைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு காவலர் நின்றார்.

ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தபோது செவெரினா வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ரொட்டியும் பாலாடைக்கட்டியும்" என்றார். "எல்லைக்கு அப்பறம் ஒண்ணும் கிடைக்காது."

ப்ரெமர் வாங்கிக்கொண்டார். "செவெரினா, நான்..."

"ஆறு பேர்" என்றார் அவர். குரலில் கோபம் இருந்திருந்தால் அமுண்டுக்குக் கேட்கச் சுலபமாக இருந்திருக்கும். "அதுல ஒருத்தன் துரே. கப்பல்ல உலைக்குக் கரி போடற வேலை. என் வீட்டுக்குக் கீழ் மாடியில அவன் அம்மா இருக்காங்க. நீங்க இன்னிக்குப் போயிடுவீங்க. உங்களுக்கு என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது, நினைச்சா வயிறு எரியுது. ஆனா நான் அந்தப் படிக்கட்டுல ஏறணும். இன்னிக்கு ஏறணும், நாளைக்கும் ஏறணும். அவங்க கதவைத் தாண்டித்தான் என் கதவு."

"அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?" என்றார் ப்ரெமர்.

"தெரியலை. நீங்க என்ன சொல்வீங்க?"

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். ப்ரெமர் பெட்டியில் ஏறி, பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ரயில் நகர்ந்தபோது செவெரினா கையசைக்கவில்லை. கடைசிப் பெட்டி வளைவில் மறைகிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

அமுண்ட் துணைக்கு வருவதாகச் சொன்னார். செவெரினா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் இருந்த தெரு வரைக்கும் இருவரும் நடந்தார்கள். வாசலில் நின்று பூட்ஸில் இருந்த பனியைத் தட்டிவிட்டு செவெரினா படி ஏறினார். அமுண்ட் தெருவிலிருந்து படிக்கட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மாடியில் அவர் உருவம் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. மேலே போய்விடுவார் என்று அமுண்ட் நினைத்தார். போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

செவெரினா தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவைத் தட்டினார்.